நிற்கும்போது கொதிக்கும் கார்

பழைய கார் ஓடும்போது பெரும்பாலும் கொதிப்பதில்லை. நிற்கும்போதுதான் கொதிக்கிறது. முகத்துவாரத்திலிருந்து அளுத்மாவத்தை வழியாகக் கொட்டாஞ்சேனைக்குக் கார் ஓட்டி வருகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டால், நடுவில் அகப்பட்ட மொரிஸ் மைனர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முனகத் தொடங்கும். அந்தக் காரின் முகப்புப் பலகையில் வெப்பமானியே கிடையாது. முதலில் சூடான இறப்பர் வாசம் வரும். பிறகு பொனட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஆவி கசியும். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, பழந்துணியைச் சுற்றிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போவார். அது மட்டும் செய்யவே கூடாத வேலை. மூடிக்குள் அழுத்தம் இருக்கும்வரை 100 பாகையைத் தாண்டியும் திரவமாகவே நிற்கிற நீர், மூடி விலகிய கணத்தில் ஆவியாகிக் கையையும் முகத்தையும் வேக வைத்துவிடும்.

இந்தச் சிக்கலுக்குக் கொழும்பு கராஜ்களில் இப்போது அதிகம் சொல்லப்படும் வைத்தியம், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்துவது. நல்ல வைத்தியம்தான். ஆனால் அதைச் செய்கிறவர்களில் பலர் விசிறியைத் தெரிவு செய்வதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் காட்டுவதில்லை. விசிறியை மாட்டுவது அரைநாள் வேலை. அது கேட்கும் மின்சாரத்தைக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் முழு வெற்றியும் தங்கியிருக்கிறது.

இது பழைமை விரும்பிகளுக்கு மட்டுமான கதையல்ல. 1948இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்து, 1971வரை உற்பத்தியான மொரிஸ் மைனர், இலங்கையில் குடும்பக் காராகவும் வாடகைக் காராகவும் பல தலைமுறைகளாக ஓடியது. அதற்குப் பின் டட்சன் சனி, மிட்சுபிஷி லான்சர், டொயோட்டா கொரோலா என்று வந்தவையும் இன்று பழைய கார்கள் ஆகிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த காரைக் கைவிட முடியாமல் திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள் ஏராளம். அவர்களுக்கு ரேடியேட்டர் விசிறி என்பது அன்றாடப் பிழைப்போடு சேர்ந்த விஷயம்.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்ப்போம். பெற்றோல் எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் நன்றாக ஓடும்போது, சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதி எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்கி அங்கிருந்து நீருக்குள் இறங்குகிறது. ஒரு லீற்றர் அளவான சிறிய எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு முக்கால் லீற்றருக்குக் குறையாமல் பெற்றோல் குடிக்கும். அதன் ஆற்றலில் சக்கரத்துக்கு எதுவும் போகாது. நீருக்குள் இறங்கும் வெப்பம் சுமார் 3 கிலோவாட். வீட்டு மின்கேத்தல்கள் இரண்டை ஒன்றாகப் போட்டுவிட்டு நிறுத்தாமலே விட்டது போன்ற அளவு.

இந்த 3 கிலோவாட்டையும் காற்றுதான் எடுத்துப்போக வேண்டும். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோஜூல் அளவு ஆற்றல் போதும். நீரோடு ஒப்பிட்டால் இது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே காற்று நிறைய வேண்டும். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 25 பாகை சூடேறி வெளியேறுகிறது என்று வைத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 100 லீற்றர் காற்று அதற்குள் போயாக வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் காருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எதிர்க்காற்றின் வேகத்தில் கால்வாசி மட்டுமே ரேடியேட்டருக்குள் புகுந்தாலும் விநாடிக்கு 500 லீற்றருக்கு மேல் கிடைத்துவிடும். வண்டி நின்றதும் அந்த வரவு பூச்சியமாகிறது. அந்த நேரத்தில் விசிறி ஒன்றுதான் துணை.

இன்னொரு பக்கத்தில் வானிலையும் கணக்கில் சேர்கிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. நீர் 90 பாகையிலும் வெளிக்காற்று 10 பாகையிலும் இருக்கும் ஓர் ஆங்கிலேய நாளில் வித்தியாசம் 80 பாகை. கொழும்பில் வெளிக்காற்று 32 பாகை. தார்வீதியின் சூடும் முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூடும் சேர்ந்தால் ரேடியேட்டரின் வாசலுக்கு வரும் காற்று 40 பாகையைத் தொடும். வித்தியாசம் 50 ஆகிவிடுகிறது. அதே ரேடியேட்டர், அதே காற்றோட்டம், ஆனால் வேலைத்திறன் கிட்டத்தட்ட எட்டில் ஐந்து பங்காகக் குறைந்துபோகிறது. இங்கிலாந்தின் தெருவுக்காக அளந்து செய்த ரேடியேட்டரிடம் ஆமர் வீதிச் சந்தியில் நாம் கேட்பது கொஞ்ச வேலையல்ல.

இதில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. கொழும்பின் புழுக்கம், அதாவது காற்றிலுள்ள ஈரப்பதன், காரையும் வாட்டுகிறது என்கிறார்கள். அப்படியில்லை. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்வதால் ஈரக்காற்று நமக்குச் சுமையாகிறது. ரேடியேட்டர் வியர்ப்பதில்லை. அதற்குக் காற்றின் வெப்பநிலையும் அளவும்தான் முக்கியம். கடற்கரைக் காற்று நம்மை எவ்வளவு பிசுபிசுக்க வைத்தாலும், அது 30 பாகையில் இருந்தால் ரேடியேட்டருக்கு 30 பாகைக் காற்றுதான்.

பழைய விசிறிக்கு என்ன குறை? அது நீர்ப்பம்பின் கப்பியில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டு, பெல்ட்டால் எஞ்சினோடு கட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் மெல்லச் சுழன்றால் அதுவும் மெல்லச் சுழலும். நெரிசலில் நிற்கும்போது, காற்று மிகவும் தேவைப்படுகிற வேளையில், அது சோம்பலாகச் சுற்றுகிறது. நீர்கொழும்புப் பாதையில் எதிர்க்காற்றே போதும் என்கிறபோது வெறிகொண்டு சுழல்கிறது. இந்த வீண்சுழற்சியின் விலையும் சின்னதல்ல. விசிறி தள்ளும் காற்றின் அளவு சுழல்வேகத்தோடு நேராக ஏறுகிறது. அது விழுங்கும் வலுவோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வலு எட்டு மடங்கு. 2,000 சுற்றில் 100 வாட் கேட்கிற விசிறி 4,000 சுற்றில் 800 வாட் கேட்கும். அத்தனையும் பெற்றோல்.

வண்டி செய்தவர்களுக்கும் இது தெரியாமலில்லை. 1948இன் முதல் மொரிஸ் மைனரில் நீர்ப்பம்புகூட இருக்கவில்லை. சூடான நீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் குளிர்ந்து கீழிறங்கி எஞ்சினுக்குத் திரும்பும் இயற்கைச் சுற்றோட்டத்தையே நம்பினார்கள். பின்னர் வந்த ஏ வரிசை எஞ்சின்களில் பம்பு வந்தது. 1960இல் வெளியான பெஜோ 404, நம் வீதிகளிலும் ஒருகாலத்தில் மதிப்போடு ஓடிய கார், ஒரு படி மேலே போனது. அதன் விசிறியை மின்காந்தக் கிளச் ஒன்று பிடித்திருந்தது. நீர் சூடேறினால்தான் விசிறி எஞ்சினோடு சேரும், குளிர்ந்தால் விலகிவிடும். 1969இன் ஃபியட் 128, 1974இன் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற, எஞ்சினைக் குறுக்காக வைத்த முன்சக்கர இழுவைக் கார்கள் வந்தபோது மின்விசிறி கிட்டத்தட்டக் கட்டாயமாயிற்று. எஞ்சினின் பெல்ட் முனை பக்கவாட்டில் திரும்பிவிட, முன்னாலிருக்கும் ரேடியேட்டரின் விசிறியை அதனால் சுழற்ற முடியவில்லை. இஸிகோனிஸ் 1959இல் மினியைச் செய்தபோது ரேடியேட்டரையே பக்கவாட்டில் வைத்துச் சமாளித்தார். அதனால் வெப்பநாடுகளில் மினி பட்ட பாட்டை மினி வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் மின்விசிறிக்குப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அரை நூற்றாண்டாகக் குழாய்நீர் ஊற்றி ஓடிய ரேடியேட்டரின் கீழ்ப்பாதிக் குழாய்கள் சுண்ணாம்பும் துருவும் படிந்து அடைத்துப் போயிருக்கலாம். எஞ்சினை ஓட்டி ஆறவிடும்போது ரேடியேட்டரின் முகத்தில் கையை நகர்த்திப் பார்த்தால் சில இடங்கள் சூடாகவும் சில இடங்கள் குளிர்ந்தும் இருக்கும். குளிர்ந்த இடம் அடைத்த இடம். அங்கே எவ்வளவு காற்றை ஊதினாலும் பயனில்லை. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களின் தொட்டியை ஈயப்பற்று இளக்கிக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பவும் பற்றவைக்கத் தெரிந்த கைகள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

மூடியும் அப்படித்தான். 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி, நீரின் கொதிநிலையைச் சுமார் 111 பாகைக்கு உயர்த்துகிறது. இறப்பர் காய்ந்துபோன மூடி 100இலேயே கொதிக்க விடும். அடுத்தது தெர்மோஸ்டாட். நம் ஊரில் அதைக் கழற்றி எறிவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வெயில் நாட்டுக்கு அது தேவையில்லை என்கிறார்கள். அது வெயிலுக்கோ பனிக்கோ வைத்த பொருளல்ல. எஞ்சின் வேலை செய்ய வேண்டிய வெப்பநிலைக்கு, பெரும்பாலும் 80 பாகையை ஒட்டி, அதைச் சீக்கிரம் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தும் கதவு அது. அதைக் கழற்றினால் ஓடும்போது எஞ்சின் தேவைக்குக் குறைந்த சூட்டில் கிடந்து எண்ணெயில் ஈரம் சேரும், உள்தேய்வும் கூடும். நெரிசலில் கொதிப்பதோ அப்படியே இருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கிறது.

இவையெல்லாம் சரி, ஆனாலும் நெரிசலில் கொதிக்கிறது என்றால் பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். மருதானைக்குப் பக்கத்தில், வாகன உதிரிப்பாகங்களுக்கென்றே ஒரு நகரம்போல விரிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில் ஜப்பானியச் சிறு கார்களின் விசிறிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். புத்தம்புதிய பெயர் தெரியாத விசிறியைவிட, நல்ல நிலையிலுள்ள ஒரு ஜப்பானியப் பழைய விசிறியையே நான் தெரிவு செய்வேன். கையால் சுழற்றிவிட்டால் தடையில்லாமல் ஓடி நிற்க வேண்டும். அச்சைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. கடையிலேயே பற்றரியில் இணைத்துக் காட்டச் சொல்லி, கிளாம்ப் மீற்றர் வைத்து எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். விசிறியின் விட்டத்தைவிட அந்த எண்தான் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் தீர்மானிக்கும். மொரிஸ் மைனர் அளவுக் காருக்கு 9, 10 அம்பியர் இழுக்கும் விசிறி தாராளம்.

ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின் பக்கமாக வைத்துக் காற்றை இழுக்கும் விசிறி நல்லது. முன்னால் வைத்துத் தள்ளும் விசிறி, வண்டி ஓடும்போது எதிர்க்காற்றுக்குக் குறுக்கே நிற்கும். இடமில்லாத கார்களுக்கு மட்டும் அது. எதுவானாலும் சுற்றிலும் தகட்டுக் கூடு இருந்தால்தான் முழுப்பலன். கூடு இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு நேர் முன்னால் இருக்கும் பகுதியால் மட்டும் இழுக்கிறது. ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா இருக்கின்றன. அதைவிட மோசம், நிற்கும் வண்டியில் சூடான காற்று ரேடியேட்டரின் ஓரங்களால் வளைந்து முன்பக்கம் வந்து, திரும்பவும் உள்ளே இழுபடுகிறது. ஓர இடைவெளிகளை நுரைப்பட்டியால் அடைத்தாலே சில கார்களில் வெப்பமானியின் முள் கீழிறங்கிவிடும்.

விசிறியைப் பிளாஸ்டிக் ஊசிப்பட்டிகளால் ரேடியேட்டரின் இதழ்களுக்கூடாகக் கோத்துக் கட்டும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பேன். வீதியின் அதிர்வில் விசிறியின் முழுப்பாரமும் மெல்லிய குழாய்களில் உராய்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அங்கே ஊசித்துளை விழும். ரேடியேட்டரின் பக்கச் சட்டங்களில் இரண்டு இரும்புப் பட்டைகளை இறுக்கி அவற்றில் விசிறியைத் தாங்கவிடுவதே முறை. பழைய விசிறியைக் கழற்றும்போது அதன் நான்கு போல்ட்டுகளையும் அப்படியே திருப்பிப் போடக்கூடாது. விசிறியின் தடிப்பு போனதால் அவை நீளமாகிவிடும், உள்ளே போய் முட்டும். குட்டையானவை வேண்டும். கழற்றிய விசிறியையும் பழைய போல்ட்டுகளையும் டிக்கியில் போட்டு வையுங்கள். என்றாவது மின்விசிறி நின்றால் தெருவோரத்திலேயே திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

இனி மின்சாரம். பழைய பிரிட்டிஷ் கார்களில் மின்சாரம் தருவது டைனமோ. பிற்கால மைனர்களில் இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச வரவு 22 அம்பியர், அதுவும் நன்றாகச் சுழலும்போது. எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது டைனமோ ஏறத்தாழ எதுவுமே தராது. முகப்பில் சிவப்பு விளக்கு மினுங்குவது அதைத்தான் சொல்கிறது. மழை பெய்யும் ஓர் இரவில் ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையில் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பொறிச் சுருளுக்கு மூன்றரை அம்பியர், முன்விளக்குகளுக்கு ஏழரை, சிறுவிளக்குகளுக்கு இரண்டு, துடைப்பானுக்கு இரண்டரை. 15 அம்பியருக்கு மேல் போய்விட்டது. இதோடு மின்விசிறியின் 9 அம்பியரைக் கூட்டினால் 24ஐத் தாண்டுகிறது. டைனமோ முழுவேகத்தில் சுழன்றாலே கொடுக்க முடியாத தொகை இது. நிற்கும் வண்டியில் அத்தனையும் பற்றரியிலிருந்து போகிறது. விசிறி விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி குறையும் என்பது உண்மை. ஆனால் எந்த வேளையில் டைனமோ உறங்குகிறதோ அந்த வேளையில்தான் விசிறி விழிக்கிறது. பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் ஊர்ந்து வீடு திரும்பினால், கொதிக்காத எஞ்சினும் செத்த பற்றரியும்தான் மிஞ்சும்.

அதனால், தினமும் நகர நெரிசலில் ஓடும் காருக்கு மின்விசிறி போடுகிறவர் ஓல்டனேட்டரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஓல்டனேட்டர், எஞ்சின் மெல்லச் சுழலும்போதே நல்ல மின்னோட்டம் தரக்கூடியது. லூகாஸின் 17ஏசிஆர் 36 அம்பியர் தரும். சிறிய ஜப்பானியக் கார்களின் ஓல்டனேட்டர்களும் தாங்கி ஒன்றைச் செய்து இணைத்தால் பொருந்திவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கும் கடற்கரைக்கும் மட்டும் எடுக்கும் காருக்கு இந்தச் செலவு வேண்டாம். சுத்தமான ரேடியேட்டரும் நல்ல மூடியும் பழைய விசிறியுமே அதற்குப் போதும் என்பது என் எண்ணம்.

மின்கம்பியைத் தொடுமுன் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் மறைமுனைதான் உடலில். பழைய காரில் ஜப்பானிய விசிறியை வழக்கம்போலச் சிவப்பு வயரை உயிர்க்கம்பியிலும் கறுப்பை உடலிலும் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். நிலைகாந்த மோட்டாருக்கு அதனால் தீங்கில்லை, ஆனால் இதழ்களின் வளைவு ஒரு திசைக்கென்றே வார்க்கப்பட்டது. எதிர்த்திசையில் அது தள்ளும் காற்றும் குறைவு, வண்டி ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கும் நிற்கும். இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஓல்டனேட்டருக்கு இந்தச் சலுகை கிடையாது. முனை மாறினால் அதற்குள் இருக்கும் டயோட்டுகள் கணத்தில் எரிந்துபோகும். ஓல்டனேட்டர் போடும்போது காரையே மறைமுனை உடலுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

அளுத்மாவத்தைப் பக்கம் ஒரு சிறிய மின்கராஜில், விசிறிக்கு மின்சாரம் குறையாமல் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதை நேரில் பார்த்தேன். கடலிலிருந்து கூப்பிடுதூரம். வந்திருந்த மைனரில் புதிதாக மின்விசிறி பூட்டியிருந்தார்கள், வேறெங்கோ செய்த வேலை. உரிமையாளர் பெரிய விசிறி கேட்டு வந்திருந்தார். கராஜ்காரர் ஒரு தாளை எடுத்து ரேடியேட்டரின் முன்முகத்தில் வைத்தார். தாள் ஒட்டத்தான் செய்தது, ஆனால் உடனே சரிந்து விழுந்தது.

“பாருங்க அண்ணே, சுத்துது. ஆனா காத்து காணாது.”

“அதானே தம்பி, பெருசா ஒண்டு போடச் சொல்றேன்.”

“பெருசு போட்டா இன்னும் கெட்டுப்போகும். இருங்க, வயரப் பாப்போம்.”

மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியில் வைத்தார். 12.5 வோல்ட். விசிறியின் இணைப்பில் வைத்தபோது 10.6. இரண்டு வோல்ட்டுக்குக் கிட்ட வழியிலேயே தொலைந்துபோயிருந்தது. விசிறிக்கு வந்த வயர் சிறுவிளக்குக்குப் போடும் மெல்லிய வயர். அதன் செருகியைப் பிரித்ததும் வெள்ளைப் பிளாஸ்டிக் மண்ணிறமாகி ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. உடலோடு பிடித்திருந்த முனையைக் கழற்றினார். அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. வளையத்தைச் சுற்றிலும் பச்சைத்தூள். முகத்துவாரத்துக் காற்றில் செம்பு வெகு சீக்கிரம் பச்சை பூக்கும்.

அந்த மண்ணிறத்துக்குப் பின்னாலுள்ள கணக்கு எளியது. கம்பி மெல்லியதானால் தடை கூடும். முக்கால் சதுர மில்லிமீற்றர் செம்புக்கம்பியில் மீற்றருக்கு 23 மில்லியோம். போகவும் வரவும் நான்கு மீற்றர் என்றால் 10 அம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் விழுந்துவிடும். இரண்டரை சதுர மில்லிமீற்றர் கம்பியில் அதே தூரத்துக்கு 0.3 வோல்ட்கூட விழாது. மீதி வோல்ட் துருவேறிய இணைப்புகளில் போகிறது. பத்தில் ஒரு ஓம் தடையுள்ள ஒரு கெட்ட இணைப்பில் 10 அம்பியர் ஓடினால் 10 வாட் வெப்பம் அந்த ஒற்றை ஊசிமுனையில் பிறக்கிறது. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? பெரிய விசிறி போட்டிருந்தால் மின்னோட்டம் இரண்டு மடங்காகி, அந்த வெப்பம் நான்கு மடங்காகியிருக்கும். கராஜ்காரர் விசிறியை மாற்றவில்லை. வயரை மாற்றினார், இரும்பைப் பளபளப்பாகச் சுரண்டி உடல்முனையை இறுக்கி மேலே கிரீஸ் பூசினார். தாள் அதற்குப் பிறகு விழவில்லை.

சரியான வயரிங் எப்படிப் போக வேண்டும் என்றால், பற்றரியிலிருந்து ஒரு தடித்த வயர் புறப்பட்டதும், ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸ் காப்பது விசிறியை அல்ல, வயரை. ஃபியூஸுக்கு முன்னாலுள்ள வயர் எங்காவது உராய்ந்து உடலைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவுமில்லை, அது செந்நிறமாகி எரியும். மோட்டார் புறப்படும் கணத்தில் ஓட்ட மின்னோட்டத்தின் சில மடங்கை இழுக்கும் என்பதால் 9 அம்பியர் விசிறிக்கு 15 அல்லது 20 அம்பியர் ஃபியூஸ். பழைய கார்க்காரர்கள் இங்கே ஒரு பொறியில் விழலாம். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரிந்தறும் அளவு. தொடர்ந்து தாங்கக்கூடியது அதில் பாதிதான். இன்றைய தட்டை ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35க்குப் பதில் 35 என்று மாற்றினால் வயரின் காவலை ஏறத்தாழ இரண்டு மடங்கு தளர்த்திவிட்டோம் என்று அர்த்தம். பழைய ஃபியூஸ் பெட்டியிலிருந்து விசிறிக்குக் கிளை எடுப்பதையும் தவிர்க்கலாம்.

ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து விசிறிக்கு. விசிறியின் மற்ற வயர் நேராக நல்ல உடல்முனைக்கு. ரிலேயின் சுருளுக்கான 85, 86 முனைகளில் ஒன்று சாவிச் சுற்றிலிருந்து மெல்லிய வயரால் மின் பெறும். மற்றது வெப்பச் சுவிட்சு வழியே உடலுக்குப் போகும். அந்தச் சுருள் இழுப்பது அம்பியரில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். ஐம்பது வருடம் கண்ட சாவிச் சுவிட்சுக்கு அது பாரமே இல்லை. விசிறியையே சாவிச் சுற்றில் நேராகக் கொடுத்தால் இன்னொரு வினோதமும் நடக்கும். ஓடும் வண்டியின் எதிர்க்காற்றிலோ தன் வேகத்திலோ சுழலும் விசிறி தானே ஒரு சிறு ஜெனரேட்டர் ஆகி, சாவியை மூடிய பின்னும் தீப்பொறிச் சுருளுக்கு மின்சாரம் ஊட்டும். எஞ்சின் சில விநாடிகள் நிற்காமல் இழுக்கும். ரிலே அந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது. நேர்முனை உடலுள்ள காரில் உள்ளே டயோட் வைத்த ரிலேயை மட்டும் வாங்கக்கூடாது.

வெப்பச் சுவிட்சு எங்கே இருக்க வேண்டும் என்பதில் கராஜுக்குக் கராஜ் கருத்து மாறும். இதழ்களுக்கிடையில் செருகும் கம்பிமுனை வகையை நான் நம்புவதில்லை. அது நீரை அல்ல, தன்னைத் தொட்டிருக்கும் தகட்டைத்தான் அறிகிறது, அதிர்வில் நழுவியும் விடும். மேல்குழாயில் ஓர் இணைப்புத்துண்டு வைத்து அதில் திருகினால், எஞ்சினிலிருந்து வரும் நீரின் சூட்டை நேராக அறியும். 95 பாகைக்குக் கிட்ட மூட்டி 88க்குக் கிட்ட அணைக்கும் சுவிட்சு நம் ஊருக்குப் பொருந்தும். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட அணைக்கும் சூடு தாழ்வாக இருந்தால் விசிறி நிற்கவே நிற்காது. இணைப்புத்துண்டு இறப்பர் குழாய்களுக்கு நடுவில் தனித்து நிற்பதால் அதற்கும் ஓர் உடல்வயர் கொடுக்க மறக்கக்கூடாது. இதற்குச் சமாந்தரமாக முகப்பில் ஒரு கைச்சுவிட்சு வைத்துக்கொண்டால், வெப்பச் சுவிட்சு பழுதானாலும் வழியில் நிற்க வேண்டியதில்லை. குளிரூட்டி பூட்டிய லான்சர், சனி போன்ற கார்களில் குளிரூட்டியின் சுருள் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தன் சூட்டையும் காற்றில் கலக்கிறது. கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் விசிறியும் ஓடும்படி இரண்டாவது ரிலே ஒன்று அவற்றுக்கு வேண்டும்.

வேலை முடிந்ததும் அதைச் சோதிக்க நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது. நிழலில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, பொனட்டை மூடி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். விசிறி தானாக மூண்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அணைந்து, சற்று நேரம் கழித்து மறுபடி மூண்டால், காற்றும் மின்சாரமும் கையிருப்போடு இருக்கின்றன. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஊர்வலம் வரும் நாளில் காலி வீதியில் அதற்குப் பின்னால் ஊர்ந்தாலும் பயமில்லை. மூண்ட விசிறி அணையவே மாட்டேன் என்றால், விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரு முனைகளிலும் மீற்றரை வையுங்கள். பற்றரி முனைகளில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் வயரையும் உடல்முனையையும் பாருங்கள். வோல்ட் சரியாக இருந்தால் குறை ரேடியேட்டருக்குள் இருக்கிறது, அதைக் கழற்றித் தொட்டியைத் திறக்க வேண்டும்.